நாராயண்கஞ்ச் இரவு: கேப்டன் சாமந்த் நடத்திய நீரடிப் போர்



நாராயண்கஞ்ச் என்ற பெயரை இந்த அரங்கில் பலரும் கேட்டிருப்பீர்கள். துணி வாங்க வரும் பையர் விலை பேசும்போது, "பங்களாதேஷில் இதைவிடக் குறைத்துத் தருகிறார்களே" என்று சொல்லும் இடத்தில் மறைந்து நிற்கும் ஊர் அதுதான். டாக்காவுக்கு அருகே சீதலக்யா ஆற்றங்கரையில் இருக்கிறது. திருப்பூர் நமக்கு எப்படியோ, வங்கதேசத்தின் பின்னலாடைத் தொழிலுக்கு நாராயண்கஞ்ச் அப்படி. அந்த நாட்டுத் துணிகளை ஐரோப்பிய ஒன்றியம் வரியில்லாமல் அனுமதிக்கிறது. அதனால் நம் ஆர்டர்கள் எத்தனை அங்கே போயின என்பதை நான் இங்கே விளக்க வேண்டியதில்லை.

1971இல் அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது பனியன் அல்ல, சணல்தான். அந்த ஊரின் ஆதம்ஜி சணல் ஆலை உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. 2002இல் அதை மூடிவிட்டார்கள். அந்த நிலத்தில் இப்போது ஏற்றுமதி வளாகம் அமைந்து, ஆயத்த ஆடைக் கம்பெனிகள் ஓடுகின்றன. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தின் அன்னியச் செலாவணியில் பெரும்பங்கு அந்தச் சணலிலிருந்துதான் வந்தது. அது ஆற்றுத் துறைகளில் ஏறி, சிட்டகாங், மோங்லா துறைமுகங்கள் வழியாக வெளிநாடு போயிற்று.

1971 ஆகஸ்ட் நடுவில் ஒரு நள்ளிரவு, அந்தச் சீதலக்யா ஆற்றில் இருபது இளைஞர்கள் இறங்கினார்கள். மார்பில் துண்டால் கட்டிய வெடி, இடுப்பில் ஒரு கத்தி. அவர்களைத் தயார் செய்து அனுப்பிய இரகசிய அமைப்பை நடத்தியவர் இந்தியக் கடற்படையின் கமாண்டர் மோகன் நாராயண ராவ் சாமந்த். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

உளவாளி என்றால் வேஷம் மாற்றுபவர், ஐந்து பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்று சினிமா நம்மைப் பழக்கிவைத்திருக்கிறது. கடற்படையிலிருந்து உளவுக்கு வந்தவர்கள் உலகில் பலர் உண்டு. 1909இல் தொடங்கிய பிரிட்டிஷ் இரகசிய உளவுத்துறையின் முதல் தலைவர் மான்ஸ்பீல்ட் கம்மிங் கடற்படை அதிகாரிதான். சாமந்த் வேறு வகை. அவர் எதிரி நாட்டுக்குள் பெயர் மாற்றிக்கொண்டு திரியவில்லை. தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைப் பிறர் கையில் ஆயுதமாக மாற்றிக் கொடுத்தார். அந்தக் காரியம் வெளியே தெரியாமல் நடக்க வேண்டியிருந்ததால்தான் அவர் உளவுத்துறை மனிதர் ஆனார்.

அவர் நீர்மூழ்கிக்காரர். சோவியத் ஒன்றியத்திலிருந்து இந்தியா முதலில் வாங்கிய நான்கு நீர்மூழ்கிகள் கல்வரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா. அவற்றில் கரஞ்சுக்குத் தலைவராக இருந்தவர் சாமந்த். நீர்மூழ்கியில் இருப்பவனுக்கு மறைந்திருப்பதே தொழில். சத்தம் போடக்கூடாது, நீரோட்டத்தையும் ஓதத்தையும் கணக்குத் தவறாமல் பார்க்க வேண்டும், தனக்குத் தெரிந்ததை மேலே சொல்லாமலே வாரக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். அவரை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

1971 மார்ச் 25ஆம் தேதி இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் மக்கள்மேல் பாய்ந்தது. அந்தச் செய்தி பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் இருந்த சில வங்காளி மாலுமிகளுக்கு வானொலி வழியாகப் போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தான் பிரான்சிடம் வாங்கிய மாங்ரோ என்ற நீர்மூழ்கியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கப்பல் புறப்படும் முன்னால் ரஹ்மத்துல்லா என்பவர் தலைமையில் நழுவினார்கள். எல்லை தாண்டி ஸ்பெயினுக்குப் போய், மாட்ரிட் நகரில் இந்தியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார்கள். எட்டுப் பேர் ஏப்ரலில் இந்தியா வந்து சேர்ந்தார்கள். பெற்றோரும் உடன்பிறந்தாரும் பாகிஸ்தான் ராணுவத்தின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இவர்கள் இப்படி ஒரு முடிவு எடுத்தார்கள் என்பதை மாணவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் நந்தா கராச்சியில் வளர்ந்தவர். கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநர் கேப்டன் மிஹிர் ராய். இந்த எட்டுப் பேரை வைத்து என்ன செய்யலாம் என்று இருவரும் யோசித்ததிலிருந்து பிறந்ததுதான் 'நேவல் கமாண்டோ ஆபரேஷன்ஸ் எக்ஸ்' என்ற இரகசிய அமைப்பு. அதை நடத்தும் பொறுப்பு சாமந்துக்கு வந்தது. இந்தியா அப்போது போரில் இல்லை. ஆகவே இந்தியக் கடற்படைக்கும் இந்தக் காரியத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்டும் எதுவும் பிடிபடக்கூடாது.

முகாம் போட்ட இடம் பிளாசி. 1757இல் கிளைவ் வென்ற அதே பிளாசி. பாகீரதி ஆற்றின் கரையில், மே மாதத்தில், கூடாரங்கள் போட்டார்கள். அகதி முகாம்களிலிருந்தும் இளைஞர் முகாம்களிலிருந்தும் நீச்சல் தெரிந்த பையன்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள், உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆறும் குளமும் சூழ்ந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு நீச்சல் நடைபோல வரும். ஆனாலும் வெடியைச் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல், இரவில், மணிக்கணக்கில் நீந்துவது வேறு. முகாமைக் கவனித்தவர் லெப்டினன்ட் கமாண்டர் மார்ட்டிஸ். பயிற்சியாளர்களில் சிமன் சிங் என்ற மாலுமி ஒருவர் உண்டு, அவரிடம் பிறகு வருகிறேன். தூலோனிலிருந்து தப்பி வந்தவர்கள் இங்கே அணித்தலைவர்கள் ஆனார்கள். மற்ற பையன்களில் பலருக்குத் தாங்கள் எங்கே போகப்போகிறோம் என்பதே கடைசிவரை தெரியாது.

அந்த வெடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போரின் அறிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. லிம்பெட் மைன் என்பார்கள். ஐந்து கிலோ அளவு எடை, காந்தத்தால் கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாட்பட்ட கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கும், காந்தம் பிடிக்காது. முதலில் மூச்சை அடக்கி மூழ்கி, கத்தியால் சுரண்ட வேண்டும். பிறகு ஒட்ட வேண்டும். வெடிப்பதற்கான நேரத்தைத் தருவது தண்ணீரில் கரையும் ஓர் அடைப்பு. அது கரைய அரைமணி நேரம்போல ஆகும். நீந்திப் போவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகுமானால் வெடி பையனின் மார்பிலேயே வெடித்துவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி ஆணுறை. அடைப்பின்மேல் ஆணுறையை மாட்டிவிட்டால் தண்ணீர் புகாது. கப்பலை அடைந்தபின் அதை உருவிவிட வேண்டியதுதான். முகாமுக்காக ஆணுறைகள் பெட்டி பெட்டியாகக் கேட்கப்பட்டபோது மேலே இருந்தவர்கள் புருவம் உயர்த்தியிருக்கலாம். காரணம் தெரிந்தவர்களுக்கு அது உயிர்க்காப்பு.

1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை இத்தாலியர்கள் நீருக்கடியிலிருந்து தகர்த்ததை ராணுவக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்வார்கள். அவர்களிடம் மூச்சுக்கருவி இருந்தது, நீருக்கடியில் ஏறிப்போகும் வாகனம் இருந்தது. பிளாசிப் பையன்களிடம் கால் துடுப்பு, கத்தி, கம்சா என்னும் துண்டு. அவ்வளவுதான். மல்லாந்து நீந்திக்கொண்டு, முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, நீரோட்டத்தின் போக்கில் போனார்கள். இங்கேதான் சாமந்தின் கடலறிவு முழுதாக வேலை செய்தது. வங்காளத்துத் துறைமுகங்கள் எல்லாமே ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளில் உள்ளவை. கர்ணபுலியிலோ பசூரிலோ நீர் இறங்கும் வேகத்தில் எதிர்த்து நீந்த மனிதனால் முடியாது. எந்த இரவில் நிலவு தாமதமாக எழும், எந்த மணிக்கு நீர் வற்றத் தொடங்கும், போவதற்கும் திரும்புவதற்கும் இடையில் நீர் நின்றிருக்கும் நேரம் எவ்வளவு என்பதெல்லாம் பொருந்தி வரும் நாளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான்கு துறைகளிலும் ஒரே இரவு. சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச்.

நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில் பிரிந்து கிடக்கும் அணிகளுக்கு ஒரே இரவை எப்படிச் சொல்வது? கம்பியில்லாத் தந்தி கொடுத்தால் பிடிபடும். ஒவ்வொரு தலைவரிடமும் ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் இருந்தது. கல்கத்தா வானொலியில் பங்கஜ் மல்லிக் பாடிய ஒரு பழைய பாட்டு ஒலித்தால் தயாராக வேண்டும். மகள் தன் பொம்மையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது பற்றிய இன்னொரு பாட்டு ஒலித்தால் தாக்க வேண்டும். தலைவர் ஒருவருக்குத்தான் இந்தப் பாட்டுகளின் பொருள் தெரியும். பாகிஸ்தான் அதிகாரிகளும் அந்த வானொலியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 15க்கும் 16க்கும் இடைப்பட்ட இரவு. சிட்டகாங்கில் அல் அப்பாஸ், ஹொர்முஸ் என்ற இரண்டு கப்பல்கள், சேர்த்து ஏறத்தாழ 20,000 டன் சரக்குடன் நின்றிருந்தன. விடிவதற்குள் அடித்தளம் பிளந்து போயின. அங்கே தலைமை தாங்கிய அப்துல் வாஹெத் சௌத்ரி தூலோனிலிருந்து வந்தவர். மோங்லாவிலும் சாந்த்பூரிலும் அதே இரவு வெடித்தது. நாராயண்கஞ்சில் அப்துர் ரஹ்மான் தலைமையில் இறங்கிய இருபது பேர் நான்கு கலங்களை மூழ்கடித்துவிட்டு, நெருக்கமான வீடுகள் உள்ள ஆற்றங்கரையில் கரையேறி மக்களோடு கலந்துபோனார்கள். நான்கு துறைகளில் ஒரே இரவில் நடந்ததால், இது யாரோ சில கிளர்ச்சிக்காரர்களின் வேலை என்று சொல்லி மூடிவிட முடியவில்லை. என் கணக்கில் மூழ்கிய டன்னைவிடப் பெரிய அடி இதுதான். அந்தத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்காரர்களும் காப்பீட்டாளர்களும் தயங்கினார்கள். சரக்கு போய்ச் சேருமா என்ற சந்தேகம் ஒரு நாட்டு வணிகத்தை எப்படி முடக்கும் என்பது ஏற்றுமதியாளர்களாகிய உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

டிசம்பர்வரை இந்தத் தாக்குதல்கள் தொடர்ந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் டன் கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன என்பது அமைப்பை நடத்தியவர்களின் கணக்கு. நீரில் இறங்கியவர்களில் பலர் திரும்பவில்லை. பிடிபட்டவர்கள் சித்திரவதைப்பட்டார்கள். இந்திய அதிகாரிகள் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற கட்டளை இருந்ததால், அந்த அபாயம் முழுவதும் வங்காளிப் பையன்களின் தலையில்தான் இருந்தது. சாமந்தைப் போற்றும்போது இதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது.

அதே காலத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி பாகிஸ்தானின் காசி நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. அவர் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோல் காட்டினார். ராஜ்புத் என்ற சிறிய கப்பலை வெளியே அனுப்பி நிறைய வானொலிச் செய்திகளைப் பேசவைத்தார். கரையில் இறைச்சியும் காய்கறியும் பெருமளவில் ஆர்டர் போட்டார். டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி காசி விசாகப்பட்டினத்தருகே வெடித்து மூழ்கியது. அது எப்படி வெடித்தது என்பதில் இரு நாட்டுக்கும் இன்றுவரை வாதம் உண்டு. எதிரி எதை நம்ப விரும்புகிறான் என்பதை அறிந்தவர் அந்தத் தமிழர்.

இதற்குள் இந்தியாவும் வெளிப்படையாகப் போரில் இறங்கியிருந்தது. சாமந்தின் கதையில் வலிக்கும் நாள் டிசம்பர் 10. கல்கத்தாத் துறைமுகத்தின் இரண்டு கலங்களில் பீரங்கி பொருத்தி பத்மா, பலாஷ் என்று போர்ப்படகாக்கியிருந்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் வங்காளிகள். ஐ.என்.எஸ். பன்வேல் என்ற சிறு கலத்தோடு அவை குல்னா நோக்கிப் போயின. சாமந்த் பன்வேலில் இருந்தார். வானத்திலிருந்து தெரியவேண்டும் என்று மேல்தளத்தில் மஞ்சள் வண்ணம் பூசியிருந்தும், நம் விமானப்படையின் ஜெட்களே அவற்றைப் பகைக்கலம் என்று எண்ணித் தாக்கின. பத்மாவும் பலாஷும் எரிந்து மூழ்கின. பலாஷின் இயந்திர அறையைக் கடைசிவரை காப்பாற்ற முயன்ற ருஹுல் அமீன் மாண்டார். வங்கதேசத்தின் உச்ச வீரவிருதான பீர்ஸ்ரேஷ்டோ ஏழு பேருக்கு மட்டும் தரப்பட்டது. அவர் அதில் ஒருவர். பத்மாவில் இருந்த சிமன் சிங் காயத்தோடு கரையிலிருந்து சுட்டவர்களை எதிர்த்து மற்றவர்கள் தப்ப வழிவிட்டார். பிடிபட்டு, போர் முடிந்தபின் விடுதலையானார். சாமந்துக்கும் பன்வேலின் தலைவர் நொரோன்ஹாவுக்கும் கிடைத்த மகாவீர் சக்ரா அவருக்கும் கிடைத்தது. அதிகாரிகளுக்கே பெரும்பாலும் போகும் அந்த விருது ஒரு சாதாரண மாலுமியின் நெஞ்சில் ஏறியதை நான் தனியாகக் குறிக்க விரும்புகிறேன்.

ஆறு நாள் கழித்து டாக்காவில் சரணாகதி நடந்தது. போர்க்கதைகள் தாளில் வரத் தொடங்கின, இந்த அமைப்பின் பெயர் மட்டும் வரவில்லை. சாமந்த் புதிய வங்கதேசத்தின் கடற்படை எழுந்து நிற்க உதவினார், பிறகு கேப்டனாக ஓய்வு பெற்றார். விருது உண்டு, ஆனால் எதற்கு என்று விரிவாகச் சொல்ல முடியாது. 48 ஆண்டு கழித்து, பத்திரிகையாளர் சந்தீப் உன்னித்தனோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஆபரேஷன் எக்ஸ்' என்ற ஆங்கில நூல் 2019இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

அன்று ஆற்றில் இறங்கியவர்களில் இப்போதும் இருப்பவர்களுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தொழில் காரணமாக டாக்காவுக்கும் நாராயண்கஞ்சுக்கும் போய்வருகிறவர்கள் இந்த அரங்கில் உண்டு. அடுத்தமுறை போகும்போது விலைப்பட்டியல் வேலை முடிந்தபின், சீதலக்யா கரையில் அந்த வயதுப் பெரியவர் ஒருவரை விசாரித்துப் பாருங்கள். அவர் சொல்வதைப் பதிந்துகொண்டு வாருங்கள். இங்குள்ள கல்லூரி மாணவர்கள் அதைத் தமிழில் எழுதட்டும். அப்படி ஒரு தொகுப்பு வருமானால், அடுத்த ஆண்டு இதே மேடையில் அதை வெளியிட வேண்டும் என்று இந்தப் பேச்சை நடத்தும் அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.