குறைந்த வீச்சில் மிகுந்த தொலைவு

உலகத் தரத்தில் 100 மீட்டர் பிரீஸ்டைல் நீச்சல் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. அதில் கைகளை மிகுதியாக வீசுபவரே வெல்வார் என்று தோன்றும். ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் போபோவின் வாழ்வு வேறொன்றைச் சொல்கிறது.

1971இல் பிறந்த அவர் தொடக்கத்தில் மல்லாந்து நீந்தும் போட்டிகளுக்குரியவர். அவரைப் பிரீஸ்டைலுக்குத் திருப்பிய பயிற்சியாளர் கென்னாடி துரெத்ஸ்கி, மெதுவாக நீந்தவைத்து ஒவ்வொரு கைவீச்சையும் செம்மைப்படுத்தினார். குறைந்த வீச்சுகளில் மிகுந்த தொலைவு என்பதே அவர்தம் நெறி. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் 50, 100 மீட்டர்ப் பொற்பதக்கங்கள் நான்கும் போபோவுக்கே கிட்டின.

1996 ஆகஸ்டில் மாஸ்கோ வீதியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். நுரையீரலும் சிறுநீரகமும் காயமுற்றன. மூச்சையே முதலாகக் கொண்டவருக்கு அதைவிடக் கொடிய இடர் ஏது? எனினும் 1997இல் செவில் நகர ஐரோப்பியப் போட்டியில் இரு தொலைவிலும் அவரே வென்றார். 2000இல் 50 மீட்டரை 21.64 நொடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். 2003இல் பார்சிலோனாவில் மீண்டும் இரு உலகப் பட்டங்கள் பெற்றார்.

ஏழு சீரில் குறள் கண்ட மொழியின் கவிஞர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உடல் தளர்ந்த நாளிலும் அவரைக் கைவிடாதது வீணசைவற்ற பயிற்சியே எனலாம். சொல்லுக்கும் அது பொருந்தும்.