நெருக்கடியில் நாம் யாரைக் கேட்கிறோம்?

(கொடுமுடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காவிரிக்கரையில் கூடியிருக்கிறோம். 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் இந்த ஆறு பெருக்கெடுத்ததைப் பார்த்தோம். மேட்டூர் அணை 120 அடியை எட்டி, நீர்வரத்தும் கூடினால் 16 கண் மதகைத் திறந்துவிடுவார்கள். நாமோ நெருக்கடி வந்தால் மதகை மூடிக்கொள்கிறோம்.

1981இல் அமெரிக்க ஆய்வாளர் பேரி ஸ்டாவும் சகாக்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அச்சுறுத்தல் வந்தால் ஒரு நிறுவனம் காதில் வாங்கும் தகவல் குறையும். அதிகாரம் மேலே குவியும். பழகிய வழியையே இறுக்கிப் பிடிக்கும். பிரச்சினை பழையது என்றால் அது உதவலாம். புதியது என்றால் கெடுத்துவிடும்.

படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது.

2021 நவம்பர் 1. ஏறக்குறைய 19 மாதங்களுக்குப் பிறகு 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திறந்தன. அப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற பதற்றம். கூடுதல் வகுப்பு, வாரத் தேர்வு, தினமும் பதிவேடு என்று உத்தரவு போட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் பேசியது நான் மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் வகுப்புக்குள் போனேன். ஒரு குழந்தை வெறும் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. 2020இல் சேர்ந்த குழந்தை. ஒன்றாம் வகுப்பறையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. "ஏன் டீச்சர் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லீங்களே சார்" என்றார்.

அன்றே அந்த வகுப்புக்கு வாரத் தேர்வை நிறுத்தினோம், எழுத்திலிருந்து தொடங்கினோம். வாரம் ஒருநாள் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "இந்த வாரம் எனக்குத் தெரியாமல் போனது என்ன?" முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் சத்துணவு சமைக்கும் அம்மா, காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் யார் யார் என்று சொன்னார். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் இடத்தைப் பார்க்கச் சொன்னது. எனக்கு அதை முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த வெறும் சிலேட்டுதான்.

அடுத்த நெருக்கடி வராமல் இருக்காது. அப்போது உத்தரவு எழுதும் முன் வகுப்பறை வாசலில் நின்று கேளுங்கள். அந்தப் பழக்கம் வெள்ளத்தன்று வராது. ஆறு அடங்கி ஓடும் நாளிலேயே பழக வேண்டும்.