சாக்கடை கூறும் செய்தி



உதகமண்டலத்துக்குச் செல்வோர் ஏரியைக் கண்டு களிப்பர். அவ்வேரியில் வந்து விழும் கோடப்பமந்து கால்வாயை நின்று நோக்குபவர் அரியர். நகரத்தின் கழிவுநீர் கலந்து ஓடும் அதனை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். ஆயினும், நாம் அருவருக்கும் இத்தகைய நீர் ஓர் ஊரின் உடல்நிலையைக் கூறவல்லது. அஃது எவ்வாறு என்பதையே இன்று காண்போம்.

இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் முடங்குகிறது. ஏனையோருள் பெரும்பாலோர் நோயென்று அறியாமலே ஓடியாடித் திரிவர். ஆனால் பல வாரங்கள் அவர்களுடைய மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தையின் கால் முடங்கிய பின்னரே நாம் விழித்தெழுவோமாயின், அதற்குள் கிருமி ஊரெங்கும் பரவியிருக்கும். மருத்துவரை நாடாதவரின் செய்தியையும் சுமந்து வருவது சாக்கடை.

இவ்வெண்ணம் புதியதன்று. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூர் என்னும் அறிஞர், சல்லாத்துணியைச் சாக்கடையில் தொங்கவிட்டு, டைஃபாய்டுக்கு இனமான பாராடைஃபாய்டுக் கிருமியைப் பிடிக்கும் முறையை வெளியிட்டார். கிளை கிளையாகத் தேடிச் சென்றால், கிருமி புறப்படும் இடத்தையே அணுகலாம் என்பது அதன் பயன்.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு மும்பையில் இளம்பிள்ளை வாதத்துக்காக இப்பணி தொடங்கிற்று. சாக்கடை நீரை முகந்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். அங்கே அதனைச் செறிவாக்கி, உயிரணுக்களில் கிருமியை வளர்த்து, அதன் மரபுக்கூற்றை ஆராய்வர். சொட்டு மருந்தில் உள்ளதும் வலுவிழந்த உயிருள்ள கிருமியே. அதுவும் சாக்கடைக்கு வரும். எனவே மருந்துக் கிருமி எது, நோய்க் கிருமி எது எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

அச்சொட்டு மருந்துக்கும் நீலகிரிக்கும் தொடர்பு உண்டு. 1907-இல் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடி மருந்தால் புகழ்பெற்றது. 1970-ஆம் ஆண்டையொட்டி அங்கே இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தும் உருவாயிற்று. பின்னர் நாடெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து புகட்டப்பட்டது. அது பயன் தந்ததா என்னும் வினாவுக்குச் சாக்கடையும் விடை கூறியது. 2010 நவம்பருக்குப் பிறகு இயற்கை நோய்க் கிருமி அந்நீரில் அகப்படவில்லை. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளியே கடைசியானவர். 2014 மார்ச் 27-இல் இந்தியா இந்நோய் நீங்கிய நாடு எனச் சான்று பெற்றது.

எனினும் காவல் ஓயலாகாது. 2022-இல் இலண்டன் சாக்கடையில், மருந்திலிருந்து உருமாறிய கிருமி தென்பட்டது. அந்நகரில் எக்குழந்தையின் காலும் முடங்குமுன்பே, 1 முதல் 9 வயது வரையுள்ள சிறாருக்குக் கூடுதல் தடுப்பூசி அளிக்க முடிந்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அது பகுதியைக் காட்டும்; ஆளைக் காட்டாது. பொதுச் சாக்கடையே இல்லாத மலைச்சரிவுகளிலும், குழிக் கழிப்பிடங்களை நம்பியுள்ள குடியிருப்புகளிலும் அது எட்டாது. அங்கே வீடு வீடாக ஏறிச் செல்லும் செவிலியரின் கண்ணே காவல்.

ஆகவே நண்பர்களே, சாக்கடையின் செய்தியைக் கேட்போம். அதற்காக அதனை ஏரியில் கலக்க விடுதல் தகாது. செய்தியை அறிந்துகொள்ளுதலும் நீரைத் தூய்மையாக வைத்தலும் ஒருசேர நம் கடமையாகும்.