பூட்டப்பட்ட பள்ளி
(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருவேற்காட்டில் ஆற்றிய உரை)



பள்ளி திறந்த கதைகளையே விழா மேடைகளில் கேட்டுப் பழகியுள்ளோம். அடையாற்றில் 1894இல் ஆல்காட் என்னும் அமெரிக்கர் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி கண்டதை இன்றும் நன்றியோடு சொல்கிறோம். இன்று நாம் சொல்லப் புகுவது பள்ளியைப் பூட்டிய கதை. அதுவும் அந்த ஆல்காட் பிறந்த நாட்டிலேயே நடந்தது.

வர்ஜீனியா மாநிலத்தில் பார்ம்வில் என்றொரு சிறு நகரம். அங்கே வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவர்க்கு வேறு பள்ளி. ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிக் கிணறு கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கறுப்பினத்தவரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அங்கே 450 பேர் நெருக்கியடித்துப் பயின்றனர். ஆய்வுக்கூடம் இல்லை. கூடுதல் கட்டடம் கேட்டதற்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளே கிடைத்தன. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் கணப்பருகே அமர்ந்தவன் வெந்தான். எட்ட அமர்ந்தவன் நடுங்கினான்.

1951 ஏப்ரல் 23. மாணவர் சிலர் நகரில் தொல்லையில் சிக்கியுள்ளதாகத் தலைமையாசிரியருக்குத் தொலைபேசிச் செய்தி வந்தது. அவர் விரைந்து சென்றார். உடனே அவர் பெயராலேயே பொதுக்கூட்ட அறிவிப்பு வகுப்பு வகுப்பாகச் சென்றது. திரை விலகியபோது மேடையில் நின்றவர் 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ்! தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு இதை மெச்சவும் அச்சமாயிருக்கிறது. மெச்சாதிருக்கவும் மனம் வரவில்லை. மாணவர் அனைவரும் வெளியேறினர். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடந்தான். வழக்குரைஞர்களான ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், தனிப்பள்ளி முறையையே எதிர்ப்பதாயின் வழக்காடுவோம் என்றனர். பெற்றோர் துணிந்து இசைந்தனர். வேலைக்கும் கடனுக்கும் வெள்ளையரை நம்பியிருந்தவர்கள் அவர்கள் என்பதை மறவாதீர்கள். வேறு நான்கு வழக்குகளோடு இணைந்து அது உச்சநீதிமன்றம் ஏறிற்று. பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என 1954 மே 17இல் தீர்ப்பாயிற்று.

அத்துடன் கதவு திறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். புதுக் கட்டடம் 1953இலேயே வந்திருந்தது. பூட்டும் அதற்கே விழுந்தது. இரு இனப் பிள்ளைகளையும் ஒருங்கே அமர்த்துவதினும் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று கருதிய பிரின்ஸ் எட்வர்ட் மாவட்ட ஆட்சியினர், 1959இல் எல்லாப் பொதுப்பள்ளிகளையும் மூடினர். வெள்ளையர்க்குத் தனியார் பள்ளி ஒன்று எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுள் சிலர் வெளியூர் உறவினரிடம் அனுப்பப்பட்டனர். சிலர் மாதாகோயில் அறைகளில் எழுத்துக் கற்றனர். பலர் வயற்காட்டு வேலைக்குச் சென்றனர். 1963இல் இலவசப் பள்ளிகள் சில தோன்றின. பொதுப்பள்ளிகள் திறக்கப்பட்டதோ, மீண்டும் உச்சநீதிமன்றம் தலையிட்ட பின் 1964இல்.

ஓராண்டு நின்றுவிட்ட பிள்ளையை மறுபடி வகுப்பில் அமர்த்த நாம் வீடு வீடாக அலைந்ததுண்டு. தம்பிமார் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டே அவன் வரமாட்டான். அங்கே 12 வயதில் நின்றவனுக்கு 17 வயதாகியிருந்தது. எந்த வகுப்பில் உட்காருவான்?

பழைய மோட்டன் கட்டடம் 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அன்று கல்வி இழந்தோர் மீண்டும் படிப்பதற்கென வர்ஜீனியா அரசு 2004இல் உதவித்தொகை ஏற்படுத்தியது. பேரப்பிள்ளை கண்ட வயதில் சிலர் பாடநூலைக் கையில் எடுத்தனர்.