எங்கட ஆக்களுக்கும் வருகிற நோய்

(கிழக்கு லண்டனில் எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணை "ஒரு இருபது நிமிசம் பேசும் தம்பி" என்று சொன்னார். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஊரில் ஏ.எல். வரைக்கும் உயிரியல் படித்தேன். அதற்கு மேலே படிக்க நாட்டு நிலைமை விடவில்லை. இப்போது பதினாலு வருடமாக இங்கே ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் மா குழைக்கிற பகுதியில் வேலை. டொக்டர்மார் பேச வேண்டிய விசயத்தை நான் ஏன் பேசுகிறேன் என்றால், என்ர மனுசிக்கு எம்.எஸ். என்கிற வருத்தம் இருக்கிறது. இதைச் சபையில் சொல்லச் சொன்னதே அவதான். மூன்றாவது வரிசையில் பச்சைச் சாறியோடு இருக்கிறா. ஆகவே ஒருவரும் பிறகு மூலைக்குள் நின்று குசுகுசுக்கத் தேவையில்லை, அவவிடமே நேரே கேட்கலாம்.

எம்.எஸ். என்றால் மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ். மின்சார வயருக்கு மேலே பிளாஸ்ரிக் உறை இருக்குமே, அதுபோல எங்கட நரம்புகளுக்கு மேலே மயலின் என்றொரு கொழுப்பு உறை இருக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, ஆள் மாறி இந்த உறையைத் தாக்குகிறது. மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் கண் நரம்பிலும் தழும்புகள் விழுகின்றன. 1868இல் பாரிசில் ஷார்க்கோ என்ற வைத்தியர் இதைத் தனி நோயாக விவரித்தார். தழும்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் குறையும் தெரியும். ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் இழுபடும், வேறொருவருக்கு மூத்திரம் அடக்க முடியாமற் போகும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில், பிள்ளை பெற்று வளர்க்கிற, உழைக்கிற வயதில்தான் கூடுதலாகத் தொடங்குகிறது. இந்த நாட்டில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இதோடு வாழ்கிறார்கள்.

"இது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தம், எங்களுக்கு வராது" என்று எனக்குப் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். அதிலே கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. கிழக்கு லண்டனில், எங்கட சனம் நெருக்கமாக இருக்கிற இதே இடங்களில், குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளை வைத்துக் கணக்கெடுத்து 2017இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஒரு லட்சம் வெள்ளையரில் 180 பேருக்கு எம்.எஸ்.; கறுப்பின மக்களில் 74; தெற்காசியரில் 29. எங்கட எண்ணிக்கை குறைவுதான். ஆனால் எங்கட சொந்த நாடுகளில் காண்பதை விட இது பல மடங்கு கூட. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளை யோசித்துப் பாருங்கோ. வராது என்று நாங்களும் நினைத்து, எங்களைப் பார்க்கிற டொக்டரும் நினைத்தால் என்ன நடக்கும்? என்ர மனுசிக்குக் கண் நொந்து ஒரு பக்கம் மங்கினபோது "மைக்ரேன்" என்றார்கள். அது தானாகத் தெளிந்தது. நாலு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்தபோது "விற்றமின் குறைவு, வேலைப் பளு" என்றார்கள். நரம்பியல் நிபுணரிடம் போய்ச் சேர ஏழு மாதம் பிடித்தது. பெயர் ஒன்றும் சொல்ல வரவில்லை. வந்து போகிறதுதான் இந்த வருத்தத்தின் குணம், தெளிந்துவிட்டது என்று விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அதற்குப் பிறகு முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுக்க வேண்டும் என்றார்கள். உடனே ரெலிபோனில் ஊரில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஒரே அறிவுரை: "முதுகில ஊசி ஏத்த விடாதேங்கோ, இடுப்பு விழுந்திடும்." ஏ.எல். படிப்பு எனக்கு அன்றைக்குத்தான் உதவியது. முண்ணாண் இடுப்பெலும்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே. அங்கே தண்ணிக்குள் மிதக்கிற நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் தலையிடி இருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்தக் குழுவைப் பற்றி. நாங்கள் பெரிய டொக்டரைக் கண்டால் போதும் என்று நினைக்கிற சனம். எம்.எஸ். வருத்தத்தில் பெரிய டொக்டரை வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான் காண்பீர்கள். மற்ற நாட்களில் உங்களைத் தாங்குவது எம்.எஸ். தாதி. இந்த ஒரு வருத்தத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர். அவரோடு உடற்பயிற்சி சிகிச்சையாளர், வேலைத்தலத்தையும் வீட்டையும் பார்த்து வழி சொல்கிற தொழில்வழிச் சிகிச்சையாளர், மூத்திரப் பிரச்சினைக்கு வேறு தாதி, மனச்சோர்வுக்கும் மறதிக்கும் உளவியலாளர், மருந்தாளர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. 2022இல் வந்த தேசிய வழிகாட்டலின்படி, தொடர்புகொள்ள ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்க வேண்டும், வருடத்தில் ஒருமுறையாவது எல்லாவற்றையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காவிட்டால் கேளுங்கோ. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தாதியின் வேலை எப்படி என்று ஒரு உதாரணம். ஒருநாள் மனுசிக்குப் பழையபடி கால் ஏலாமற் போய்விட்டது. வருத்தம் திரும்பத் தாக்குகிறது என்று நாங்கள் பயந்து போனோம். தாதி ரெலிபோனில் முதலில் கேட்டது: "காய்ச்சல் இருக்கோ? மூத்திரம் சோதிச்சியளோ?" சோதித்தால் கிருமி. கிருமி இருந்தால் பழைய குறைகள் திரும்பத் தலைகாட்டுமாம், புதுத் தாக்கம் இல்லை. ஒரு கிழமை அன்ரிபயோற்றிக்கோடு சரி வந்தது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கோ, ஏனென்றால் இது எல்லா வருத்தத்துக்கும் பொருந்தும். ஆரம்பத்தில் வைத்தியசாலைக்கு எங்கட மூத்த மகள்தான் மொழிபெயர்க்க வந்தவள். அப்ப அவளுக்குப் பத்து வயது. எனக்குச் சிவ்ற் வேலை, நான் போக முடியாது. தாய் "கால் விறைக்குது" என்று சொல்ல, பிள்ளை ஒருநாள் "காலில குளிர்" என்று சொன்னது, இன்னொரு நாள் "கால் இறுகுது" என்று சொன்னது. பிள்ளையில் பிழை இல்லை. எங்கட தமிழில் விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லாததும் விறைப்பு, மடக்க முடியாமல் மரக்கட்டை மாதிரி இறுகுவதும் விறைப்பு, குளிருக்கும் விறைப்புத்தான். எம்.எஸ். வருத்தத்தில் இவை வேறு வேறு. இறுக்கத்துக்குத் தசையைத் தளர்த்துகிற குளிசை இருக்கிறது. உணர்ச்சிக் குறைவுக்கு அது ஒன்றும் செய்யாது, காலை இன்னும் பலவீனமாக்கவும் கூடும்.

அந்தத் தாதிதான் இதைக் கண்டுபிடித்தவ. பிள்ளையை வெளியே படம் கீறக் கொடுத்து இருத்திவிட்டு, ரெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தா. வந்தது இந்தியத் தமிழ். "மரத்துப் போகுதா, இல்ல இறுக்கமா இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டவுடனே மனுசிக்கு விளங்கிவிட்டது. அன்றைக்குத்தான் மூத்திரப் பிரச்சினையையும் வாய் திறந்து சொன்னா. ஒன்றரை வருடமாக எனக்கே சொல்லாத விசயம். பத்து வயதுப் பிள்ளையின் வாயால் அதை ஒரு தாய் எப்படிச் சொல்லுவா? மொழிபெயர்ப்பாளர் இலவசம். முன்கூட்டியே கேட்டால் ஒழுங்கு செய்வார்கள், பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். "என்ர மகன் நல்லா இங்கிலீஸ் கதைப்பான்" என்று பெருமைக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

வேலை பற்றி. மனுசியும் என்ர தொழிற்சாலையில்தான், போறணைப் பக்கம். சூடு ஏறினால் எம்.எஸ். ஆட்களுக்குக் கண் மங்கும், கால் தளரும். 1890இலேயே ஊட்ஹோவ் என்ற ஜெர்மன் வைத்தியர் கவனித்த விசயம். உடம்பு ஆறினால் திரும்பிவிடும். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு கடிதம் தந்தா. இங்கே 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, எம்.எஸ். என்று உறுதி செய்த நாளில் இருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. நடக்க ஏலாமல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் பொதி செய்கிற பக்கம், குளிரான இடத்துக்கு மாற்றினார்கள். காசுக்குக் கையில் வேலை செய்கிற ஆக்களுக்கு இந்தப் பாதுகாப்பைப் பிடிப்பது கடினம், அதுவும் தெரிந்துகொள்ளுங்கோ. கார் ஓடுபவர்கள் லைசன்ஸ் கந்தோருக்கும் அறிவிக்க வேண்டும்.

மருந்து முன்பு இருக்கவில்லை. நோயின் போக்கை மாற்றுகிற முதல் மருந்து, இன்ரபெரோன் ஊசி, அமெரிக்காவில் 1993இல்தான் அனுமதி பெற்றது. இப்போது பல இருக்கின்றன. மனுசிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒக்ரலிசுமாப். முதலில் மணித்தியாலக் கணக்கில் சேலைன் மாதிரி ஏற்றினார்கள். 2024இல் இருந்து அதே மருந்து பத்து நிமிடத்தில் வயிற்றுத் தோலுக்குக் கீழே போடுகிற ஊசியாகவும் வந்திருக்கிறது. வேறு சிலருக்கு கிளாட்ரிபின் என்ற குளிசை. இரண்டு வருடத்தில் மொத்தம் இருபது நாள் போட்டால், அடுத்த இரண்டு வருடம் ஒன்றும் போடத் தேவையில்லை. ஒன்றும் அடியோடு மாற்றாது, புதுத் தழும்புகளைத்தான் குறைக்கும். விழுந்த தழும்பைத் திருப்பி எடுக்க இன்னும் வழியில்லை. அதனால்தான் பிந்தாமல் போகச் சொல்கிறேன். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் நேர்த்தி வைத்தவன்தான். ஆனால் சென்னையில் இருந்து எண்ணெய் எடுப்பித்துத் தேய்த்துக்கொண்டு, ஊசித் திகதியைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும்.

ஏன் மறைக்கிறார்கள்? கலியாணம். "தமக்கைக்கு நரம்பு வருத்தம் எண்டு தெரிஞ்சால் தங்கச்சியை ஆர் கட்டுவினம்?" இது நேரடியாகப் பெற்றோரிடம் இருந்து கடத்தப்படுகிற நோய் இல்லை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வருகிற சாத்தியம் நூறில் ஒன்று இரண்டு. எம்.எஸ். உள்ள பெண் பிள்ளை பெறலாம். கர்ப்ப காலத்தில் தாக்கங்கள் குறைகிறதைக் கூடக் கண்டிருக்கிறார்கள். மருந்தை மட்டும் முன்கூட்டியே கதைத்துத் திட்டமிட வேண்டும். இதெல்லாம் கேட்டால் தாதி சொல்லுவா. மறைத்தால் ஆரிடம் கேட்கிறது?

கடைசியாக ஆராய்ச்சி. 2022இல் அமெரிக்க இராணுவத்தினர் ஒரு கோடி பேரின் பதிவுகளைப் பார்த்து, எப்ஸ்ரீன்–பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வருகிற ஆபத்து 32 மடங்கு கூடுவதைக் கண்டார்கள். அந்த வைரஸ் உலகில் அநேகமாக எல்லோருக்கும் வந்து போவது. அப்படியென்றால் ஏன் சிலருக்கு மட்டும்? மரபணுவிலும் சூழலிலும் தேட வேண்டும். இதுவரை தேடியது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்து ஆட்களின் இரத்தத்தில். எங்களைப் போன்ற ஆக்கள் அந்தக் கணக்குக்குள் இல்லை. இங்கே லண்டனில் குயீன் மேரி பல்கலைக்கழகத்தினர் அடம்ஸ் என்ற பெயரில், பல இனத்து எம்.எஸ். ஆட்களின் மரபணுவைப் பார்க்கவென்றே ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். செய்ய வேண்டியது ஒரு குழாய்க்குள் எச்சில் துப்பி அனுப்புவது, அவ்வளவுதான்.

"எங்களை எலி மாதிரி வைச்சுச் சோதிப்பாங்கள்" என்று ஒரு ஐயா எனக்குச் சொன்னார். சம்மதக் கடிதம் வாசித்து விளங்கித்தான் கையெழுத்து. எந்த நேரமும் விலகலாம், விலகினால் வைத்தியம் குறையாது. சோதனைகள் எல்லாம் வெல்வதும் இல்லை. கொலஸ்ரறோலுக்குப் போடுகிற சிம்வாஸ்ரற்றின் எம்.எஸ். முற்றுவதைத் தடுக்குமோ என்று இந்த நாட்டில் 964 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது, உதவவில்லை. ஆனால் 2023இல் தொடங்கிய இன்னொரு சோதனையில், ஒக்ரோபஸ் என்று பெயர், எங்கட வீடுகளில் சீனி வருத்தத்துக்குப் போடுகிற அதே மெற்போமினைப் பார்க்கிறார்கள். ஒன்று தோற்றால் அந்த மருந்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்கக் கூடிய மாதிரி அமைத்திருக்கிறார்கள். இப்போது எந்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று உங்கட எம்.எஸ். தாதியைக் கேட்டால் தெரியும்.

நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். தெரிந்த மட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன்: விறைப்பு, மரப்பு, இறுக்கம், களைப்பு, எரிவு, மூத்திரம் அடக்க ஏலாமை என்று. வைத்தியசாலைக்குப் போகும்போது விரலை வைத்துக் காட்டலாம். தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கோ. சபைக்குள் கேட்க வெட்கமானவர்கள், பெண்கள் என்றால் மனுசியிடமும், ஆண்கள் என்றால் என்னிடமும் பிறகு தனியக் கேட்கலாம்.