கடல் கடந்து மீண்ட ஆயாமார்

(பெரியநாயக்கன்பாளையத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார். பாலூட்டல், உரைமருந்து, தாலாட்டு முதலியவற்றை இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மாயிமார் எம்மினும் நன்கறிவர். ஆதலின், பிறர் குழந்தையை வளர்த்துப் பிழைக்கும் ஸ்திரீகளைப் பற்றி, அவர்களுள்ளும் பல்லாண்டுகள் அந்நிய தேசத்தில் அத்தொழிலைச் செய்துவிட்டு ஊர் திரும்பி, ஈண்டும் அதையே தேடுவோரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். இதற்கொரு காரணமுண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஆயா என்னும் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்த சொல். தமிழ்நாட்டின் சில பாகங்களில் பெற்ற பாட்டியையும் ஆயா என்றே அழைக்கின்றனர். பாட்டியை அழைக்கும் வாய்க்கு இனிக்கின்ற சொல், சம்பளத்திற்கு வருபவளை அழைக்கும்போது மட்டும் ஏனோ தாழ்ந்துவிடுகின்றது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் துரைமார் குடும்பங்கள் சீமைக்குத் திரும்புங்கால், வாரக்கணக்கான கப்பற் பிரயாணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஆயாமாரை உடன் கொண்டு சென்றனர். கப்பல் கரை சேர்ந்ததும் பல குடும்பங்களுக்கு ஆயா வேண்டாதவளாய்விடுவாள். திரும்பும் செலவைக் கொடுத்தனுப்பிய நல்லோரும் இருந்தனர். கொடாது கைவிட்டோரும் இருந்தனர். 1908-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து சென்ற ஓர் ஆயா, லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஒரு பவுன் பணத்துடன் விடப்பட்டார். பாஷை தெரியாத ஊரில், அந்தக் குளிரில், ஒரு பவுன் எத்தனை நாளைக்குக் காணும்?

இத்தகையோருக்கென லண்டனில் ஆயாமார் இல்லம் ஒன்று இருந்தது. ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அவ்வில்லம், 1900-ஆம் ஆண்டில் லண்டன் சிட்டி மிஷன் என்னும் கிறிஸ்தவ சபையாரின் நிர்வாகத்தில் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் வீட்டிற்கு வந்தது; 1921-இல் அதே சாலையில் 4-ஆம் எண் வீட்டிற்கு மாறிற்று. இந்திய ஆயாமாரும் சீனத்து ஆமாக்களும் அங்கே தங்கினர். மதப் பிரசாரமும் அச்சபையாரின் நோக்கங்களில் ஒன்று. அவ்விவாதம் இங்கு வேண்டா. யாம் வியப்பது அவர்கள் வகுத்திருந்த ஏற்பாட்டை. ஆயாவை அழைத்து வந்த குடும்பம் அவருடைய திரும்பும் பயணச் சீட்டை இல்லத்துத் தலைவியிடம் ஒப்புவிக்கும். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்திற்கு ஆயா தேவைப்படும். அக்குடும்பத்தார் அச்சீட்டை விலைகொடுத்துப் பெற்று அவரை வேலைக்கு அமர்த்திக்கொள்வர். அந்தப் பணத்தில், காத்திருந்த நாட்களின் ஊணும் உறையுளும் கழியும். ஆக, ஊர் திரும்பும் பயணமே அவருக்கு உத்தியோகமாயிற்று! பெரேரா என்ற ஆயா ஒருவர் 54 முறை அவ்வாறு கடல் கடந்தவரென்று அக்காலத்துக் கட்டுரையொன்று கூறிற்று. 2022-ஆம் ஆண்டில் அந்த 26-ஆம் எண் வீட்டின் சுவரில் நீலநிற நினைவுப் பலகை பதித்தனர். ஆயாமாருக்கு நாம் இந்நாட்டில் ஒரு செங்கல்லும் வைத்ததாக யாம் அறியோம்.

இனி நம் காலத்திற்கு வருவோம். துரைமார் போயினர், ஆயினும் பயணம் நிற்கவில்லை. குவைத்து, சவூதி அரேபியா, ஓமான், சிங்கப்பூர் எனத் தமிழ்நாட்டு ஸ்திரீகள் இன்றும் வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், அனுமதி பெற வேண்டிய வளைகுடா நாடுகள் முதலியவற்றிற்கு இவ்வேலைக்காகச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருத்தல் வேண்டும் என்பது விதி. முப்பதில் சென்று பத்தாண்டு கழித்து மீள்பவருக்கு வயது நாற்பதாகிவிடும். அங்கன்வாடி உத்தியோகத்திற்கு வயது வரம்பு குறுக்கே நிற்கும். கையில் உள்ளது ஒரே தொழில். அதற்கும் சாட்சிப் பத்திரம் ஒன்றுமில்லை. சென்றவிடத்தில் எஜமானர் கையில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, விடுமுறை நாளின்றி உழைத்து, புறப்படும்போது ஒரு வரி எழுதி வாங்கவும் துணியாமல் வந்தோரே பலர்.

இங்கோ, ஆள் வேண்டுவோர்க்குக் குறைவில்லை. 1930-இல் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயமும், 1962-இல் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸும் தோன்றிய பின் நம்மூர் வெறும் வேளாண் கிராமமாக இல்லை. மேட்டுப்பாளையம் சாலை நெடுகக் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பெருகிவிட்டன. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும் விதித்தது. சிறிய பட்டறையிலும் கடையிலும் வேலை செய்யும் தாய்க்கு அது எங்கே எட்டும்? இருபத்தேழாம் வாரத்தில் சிசுவை யார் கையில் விடுவது? அம்மாயியோ பத்து மைலுக்கப்பால் மாட்டையும் தோட்டத்தையும் விட்டு வரமாட்டாள்.

முன்னர்க் குறித்த காரணத்தை இப்போது சொல்கின்றோம். சென்ற ஆண்டு, நம்மவர் குடும்பத்துச் சகோதரி ஒருவர் எம் வீட்டிற்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் பதினோராண்டு இருந்து, ஒரே வீட்டில் மூன்று குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் வளர்த்தவர். திண்ணையிலும் அமராமல் நின்றபடியே, "அண்ணா, எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானுங்க. நான் இன்னாருன்னு உங்க கையால ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க" என்றார். யாம் எழுதிக் கொடுக்கவில்லை. நம் குலத்துப் பெண் ஊரறியப் பிள்ளை தூக்கும் வேலைக்குச் செல்வதா என்று மனம் கூசிற்று. அவருடைய மகளுக்கு வரன் பார்க்கும் சமயம். தாய் ஆயா வேலை செய்தவள் என்று எழுத்தில் இருக்கலாமா என்றும் ஒரு சாக்குக் கிடைத்தது. "அடுத்த வாரம் வாம்மா" என்றோம். அவர் வரவில்லை. பின்னர்த் தரகர் ஒருவர் மூலமாக நகரத்தில் வேலைக்கு அமர்ந்தாரென்றும், முதல் மாதச் சம்பளம் முழுவதும் தரகுக்கே போயிற்றென்றும் கேள்விப்பட்டோம்.

அதே மாதத்தில், நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டு எம்மிடமே வந்தார். "நம்ம சனமாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்! நம்மவளே வேண்டும், ஆனால் நம்மவள் அவ்வேலை செய்தல் கூடாது. இவ்விரண்டையும் ஒரே வாயால் சொல்பவர் அவர் ஒருவர் மட்டுமன்று; யாமும் அவ்வண்ணமே நடந்தோம்.

எனவே சங்கத்தார் முன் ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகளுக்கு அவர்தம் குடும்பத்தார் இன்றே தெரிவிக்க வேண்டுவது: புறப்படுமுன், எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தைகள், என்னென்ன வயது என்று எஜமானியின் கையொப்பத்துடன் எழுதி வாங்குக, அவ்வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் குறித்து வருக. ஊர் வந்தவர் வைத்தியச் சான்றும், போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் பெறுதல் நலம். முதலுதவிப் பயிற்சியும் சேர்ந்தால் சம்பளம் பேசும்போது குரல் உயரும். வீட்டு வேலைத் தொழிலாளர்க்கென 2007-இல் தமிழ்நாட்டரசு அமைத்த நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அமர்த்துவோரும் வேலை நேரம், சம்பளம், வாரத்தில் ஓய்வு நாள், நோயுற்றால் விடுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். குழந்தையைப் பார்க்க வந்தவரைப் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஏவிவிட்டுக் குழந்தை அழுகின்றதே என்று கடிந்துகொள்வது நம் வீடுகளில் காணும் வழக்கம். அந்தத் தாள் இதற்கும் மருந்தாகும்.

வீட்டுத் தொழிலாளர் உரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கை ஒன்று 2011-இல் ஜினீவாவில் நிறைவேறிற்று. இந்தியா ஆதரித்து வாக்களித்ததேயன்றி இன்னும் அதை உறுதி செய்யவில்லை. அது வரும்போது வரட்டும். ஒரு தாள் எழுதுவதற்கு ஜினீவாவின் அனுமதி தேவையில்லை.

காரியதரிசி அவர்களின் மேசைமீது ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். ஒரு பக்கத்தில் வேலை தேடுவோர் பெயரும், மறுபக்கத்தில் ஆள் தேடுவோர் பெயரும் எழுதப்படும். தரகு வாங்கப்படமாட்டாது. சாதி கேட்டுப் பெயரைத் தள்ளவும் மாட்டோம். அயல் சமூகத்தாரும் எழுதலாம். கேட்டவர்க்கு நன்னடத்தைக் கடிதம் அன்றைக்கே எழுதித் தரப்படும். முதற் கடிதத்தை யாம் நேற்றிரவே எழுதிவிட்டோம். அச்சகோதரியின் விலாசம் தெரிந்தவர் இக்கூட்டத்தில் இருப்பின், கூட்டம் கலைந்ததும் எம்மை வந்து காண வேண்டுகின்றோம்.