பழைய லாரியை விற்கப் போகிறீர்களா?



வழக்கமாக இந்த நேரத்தில் பருத்தியைப் பற்றியோ மக்காச்சோளத்தைப் பற்றியோ பேசுவோம். இன்றைக்கு லாரி விற்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது.

போன மாதம் நாரணாபுரத்தில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கரிசல் காட்டில் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டு, ஒரு லாரியும் வைத்து லோடு அடித்தவர். "சார், லாரியைக் கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ மூணு மாவட்டம் தள்ளி ஒரு ஸ்டேஷன்லருந்து போன் வருது, உங்க லாரி இடிச்சிட்டு நிக்குதுன்னு. அது என் லாரியா சார்?" என்றார். பேப்பரில் விளம்பரம் கொடுத்து நல்ல விலைக்குத்தான் விற்றிருக்கிறார். ஆர்.சி. புக்கையும் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தையும் கொடுத்துவிட்டார். பெயர் மாறிற்றா என்று மட்டும் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் விளம்பரம். விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு மிளகாய் மூட்டையைக் கட்டுகிறவர்கள் நாம். அதே பேப்பரில் வரி விளம்பரமும் வருகிறது. வார்த்தைக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். ஆகவே 'அருமையான வண்டி', 'ராசியான வண்டி' என்றெல்லாம் எழுதிக் காசை வீணாக்காதீர்கள். வாங்குகிறவர் தேடுவதை மட்டும் எழுதுங்கள். இப்படி:

'2015 மாடல், 6 சக்கர லாரி, 2-வது ஓனர். எப்.சி. மார்ச் வரை, இன்சூரன்ஸ் கரண்ட், பைனான்ஸ் இல்லை. பின் டயர் 4 புதிது. விலை 9 லட்சம். சிவகாசி அருகில் நேரில் பார்க்கலாம்.' இதோடு போன் நம்பர். அவ்வளவு போதும்.

விலையைப் போடாவிட்டால் வேடிக்கை கேட்கிற போன்தான் நிறைய வரும். குறையையும் மறைக்காதீர்கள். நாமக்கல், சங்ககிரியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வண்டியிலேயே ஊறினவர்கள். ஸ்டார்ட் பண்ணிய உடனே சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எப்.சி. விஷயத்தையும் கவனியுங்கள். லோடு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குமேல் வருஷா வருஷமும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அது முடியும் தறுவாயில் விற்றால், அந்தச் செலவையெல்லாம் விலையில் கழித்துத்தான் கேட்பார்கள்.

அடுத்தது பணம். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய உங்களுக்கு. ஆகவே பேங்க் வழியாக வாங்குங்கள். கணக்கில் பணம் ஏறியபின் சாவியைக் கொடுங்கள். வண்டியைப் பார்க்காமலே, 'அட்வான்ஸ் அனுப்புகிறேன், போனில் ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், உடனே போனை வையுங்கள். பணம் வாங்குகிறவர் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாவி கைமாறினால் வண்டி கைமாறியது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்.

வடக்கே ஒருவர் 1993 பிப்ரவரியில் தமது லாரியை விற்றார். பணமும் வாங்கிவிட்டார். பதிவில் பெயர் மாறவில்லை. 1994 மே மாதம் லாரி விபத்தில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஜனவரியில்தான் முடிந்தது. விற்றவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர் பொறுப்பு, அவர் பெயரில் இன்சூரன்ஸ் இருந்ததால் அந்தக் கம்பெனியும் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. அவருக்காவது இன்சூரன்ஸ் இருந்தது. உங்களிடம் வாங்கியவர் இன்சூரன்ஸைக் கட்டாமல் விட்டிருந்தால்? காட்டை விற்றுத்தான் கட்ட வேண்டிவரும். 2018-ல் ஒரு கார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அந்தக் கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயர் இருந்த முதல் ஆளே பொறுப்பாளியானார்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பைனான்ஸில் வாங்கிய வண்டி என்றால், கடனை அடைத்து 35-ம் எண் படிவம் கொடுத்து ஆர்.சி.யில் அந்தக் குறிப்பை நீக்குங்கள். விற்ற 14 நாளுக்குள் 29-ம் எண் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நீங்களே தெரிவியுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் 30-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வெளி மாநிலத்துக்காரர் என்றால் தடையில்லாச் சான்றும் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு பெர்மிட் உண்டு. அதையும் அனுமதி வாங்கித்தான் மாற்ற முடியும். குட்டி யானைக்கு அந்தத் தொல்லை இல்லை.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்படைத்த தேதி, மணி, கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரின் ஆதார் நகலும் வேண்டும். முடிந்தால் கடைசித் தவணையாக ஒரு தொகையை, பெயர் மாறிய பிறகு வாங்குவதாகப் பேசிக்கொண்டால், வாங்கியவரும் நீங்களும் சேர்ந்தே ஆபீசுக்குப் போவீர்கள். ஒரு மாதம் கழித்துப் படித்த பிள்ளையிடம் சொல்லி, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் மாறியிருந்தால்தான் நீங்கள் லாரியை விற்றிருக்கிறீர்கள்.

அந்த அண்ணாச்சியிடம் டெலிவரி ரசீது இல்லை. பேங்கில் பணம் வந்த கணக்கு மட்டும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார். அவருக்கு வந்த கஷ்டம் உங்களுக்கு வர வேண்டாம்.

அடுத்த முறை மக்காச்சோளத்தில் படைப்புழுவைப் பற்றிப் பேசுவோம்.